கல்லாவை விட்டு எழுந்திருங்கள்!

காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறீர்கள். இரவு பத்தரைக்கு இறக்குகிறீர்கள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் மளமளவென்று சொல்வீர்கள். சரக்கு வந்தது, பாக்கி வரவில்லை, கடைப் பையன் சொல்லாமல் லீவு போட்டுவிட்டான்... சரி, உங்கள் உடம்பில் என்ன நடந்தது? அதற்கு மட்டும் கணக்கு இருக்காது!

சொந்தக் கடை வைத்திருப்பதில் ஒரு சௌகரியம், தலைக்கு மேலே அதிகாரி கிடையாது. தொல்லையும் அதிலேயேதான் இருக்கிறது. 'போதும் சார், வீட்டுக்குப் போங்க' என்று சொல்லவும் ஆள் கிடையாதே! தமிழ்நாட்டில் 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டப்படி, கடையில் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும். 2021-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அவர்கள் உட்கார இருக்கையும் போட வேண்டும் என்றார்கள். நல்ல விஷயம். முதலாளிக்கு யார் லீவு கொடுப்பது? நீங்களேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரைச் சொல்கிறேன். நாற்பத்தாறு வயசு. மத்தியானச் சாப்பாடு டிபன் கேரியரில் ஒரு மணிக்கே வந்துவிடும். பிரிப்பதற்கு நாலு மணியாகும். நடுவில் பசித்தால் டீ. போன வருஷம் காலில் ஒரு சின்னக் காயம், மூன்று வாரமாகியும் ஆறவில்லை. ரத்தம் பரிசோதித்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் சர்க்கரை 210! "நல்லாத்தானே சார் இருந்தேன்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. சர்க்கரை நோயில் பலர் 'நல்லாத்தான்' இருப்பார்கள். அதுதான் அதன் குணம். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்து, மறுமுறை பார்த்தாலும் அப்படியே இருந்தால் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை என்றால் வாசல்படியில் நிற்கிறது என்று அர்த்தம்.

அந்த டீக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போமா? ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளைக்கு ஆறு டீ. மொத்தம் பன்னிரண்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 60 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு டீயிலேயே தீர்ந்துவிட்டது. பஜ்ஜி, பிஸ்கட் எல்லாம் இதற்கு மேலே!

அடுத்தது கால். ரத்தத்தைக் கீழே அனுப்ப இதயம் போதும். மேலே திரும்பக் கொண்டுவர, கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து பிழிந்து தள்ள வேண்டும். நடந்தால்தான் அந்த பம்ப் வேலை செய்யும். நின்றபடியே நின்றாலும், கல்லாவில் உட்கார்ந்தபடியே இருந்தாலும் ரத்தம் காலில் தேங்கும். கணுக்கால் வீங்கும். சிலருக்கு நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளும். 'வெரிகோஸ் வெயின்' என்கிறார்களே, அதுதான். அரை மணிக்கு ஒரு தடவை கடைக்குள்ளேயே நாலு நடை நடங்கள். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

தையல் கடை, பியூட்டி பார்லர் நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கடையில் பாத்ரூம் இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள் அல்லவா? சிறுநீர்த் தாரையில் தொற்றும் சிறுநீரகக் கல்லும் அந்த வழியாகத்தான் வருகின்றன. பக்கத்து வீட்டில் வெட்கப்படாமல் கேளுங்கள். அடுத்த முறை கடை பிடிக்கும்போது, வாடகையைக் கேட்பதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று கேளுங்கள்!

'இதெல்லாம் தெரியும், கடையை யார் பாத்துக்கறது?' என்பீர்கள். நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. வேறு யாரையும் கல்லாவில் உட்கார வைக்க மனசு வருவதில்லை. பணம் போய்விடுமோ, கஸ்டமரிடம் தப்பாகப் பேசிவிடுவார்களோ என்று பயம். நியாயமான பயம்தான். ஆனால் கணக்கு முழுக்க உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால் யாரை நம்ப முடியும்? எது என்ன விலை, யாருக்குக் கடன் தரலாம், யாருக்குக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில்லறையை எண்ணிக் கொடுங்கள், திரும்பி வந்து எண்ணி வாங்குங்கள். இது சந்தேகம் இல்லை, முறை. முதல் வாரம் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஐம்பது ரூபாய் குறையலாம். குறையட்டுமே! ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் எவ்வளவு ஆகும்?

கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு அள்ளிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதா? அதை விடுங்கள். மாதம் இவ்வளவு என்று உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். கடை லாபத்தில் நடக்கிறதா, உங்கள் உழைப்பைத் தின்று நடக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். தெரியாத வரை ராத்திரி தூக்கம் வராது, பி.பி.யும் சும்மா இருக்காது. மருத்துவமனையில் 140/90-க்கு மேல் இரண்டு மூன்று முறை காட்டினால் டாக்டரைப் பாருங்கள். கஸ்டமரிடம் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழந்தையிடம் எரிந்து விழுகிற ஆளாக நீங்கள் இருந்தால், இன்றைக்கே பாருங்கள்.

எங்கள் மளிகைக் கடைக்காரர் இப்போது மத்தியானம் ஒன்றரைக்கு வீட்டுக்குப் போகிறார். சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் தெருவில் நடை. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்க அது உதவும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையும் தவறுவதில்லை. அந்த இரண்டு மணி நேரம் கல்லாவில் அவர் மனைவி. கடன் நோட்டைப் புரட்டி, ஆறு மாதமாக அசையாத பாக்கியில் பாதியை வசூல் செய்துவிட்டாராம்.

"எங்கிட்ட வர்ற மாதிரியே சிரிச்சிக்கிட்டு வராங்க சார், அவளைப் பாத்ததும் காசை எடுத்து வச்சிடறாங்க!" என்று குறைபட்டுக்கொண்டார்.