பல் மிஸ்ஸி இனி வரமாட்டார்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. பல் மிஸ்ஸிகள் பள்ளிக்கு வந்துவிட்டால், கையில் பிளாஸ்டிக் குவளையும் பிரஷ்ஷுமாகக் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்துவோம். மிஸ்ஸி சொல்லச் சொல்ல உள்பக்கம், வெளிப்பக்கம், மெல்லும் பக்கம் என்று தேய்ப்போம். யார் அதிக நுரை துப்புவது என்பதே எங்களுக்குப் பெரிய போட்டி. அந்தப் பாடத்தின் அருமை, 21ஆம் வயதில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

விடுதி வாழ்க்கையை நீங்களும் அறிவீர்கள். நள்ளிரவில் மாமாக் கடையில் தே தாரிக், ரொட்டி சானாய். அறைக்குத் திரும்பியதும் அப்படியே தூக்கம். பல் கூசியது, பொருட்படுத்தவில்லை. வலித்தது, வலி மாத்திரை விழுங்கினேன். தேர்வு வாரத்தில் கன்னம் வீங்கியது. வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். தனியார் கிளினிக்கில் அதற்காகும் செலவைக் கேட்டதும், பிடுங்கிவிடுங்கள் என்றேன். பால்பல் விழுந்தால் மறுபடி முளைக்கும். இந்தப் பல் முளைக்காது.

சொத்தை எப்படி உண்டாகிறது? பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்டும் படலம் ஒன்று எப்போதும் படிந்துகொண்டே இருக்கிறது. அதில் வாழும் கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மீண்டும் சேர்க்க முயலும். அதற்கு அரைமணி நேரமாவது தேவை. ஒரு குவளை தே தாரிக்கை ஒரே மூச்சில் குடிப்பவரைவிட, இரண்டு மணி நேரம் அரட்டையடித்தபடி உறிஞ்சுபவரின் பல்லுக்கே கேடு அதிகம். உறங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால், இரவில் பல் துலக்காமல் படுப்பது இன்னும் மோசம்.

இந்தப் போராட்டத்தில் உமிழ்நீருக்குத் துணை நிற்பது ஃபுளோரைடு. மலேசியாவில் குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்க்க அரசு 1972இல் முடிவெடுத்ததற்கும் இதுவே காரணம். பற்பசை வாங்கும்போது, ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் வரை உள்ளதா என்று பாருங்கள். கரித்தூள், உப்பு என்ற விளம்பரங்களைவிட அந்த எண்ணே முக்கியம்.

துலக்கும் முறை எளிது. மென்மையான நார் கொண்ட பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் 45 பாகை சாய்வாக வைத்து, சிறுசிறு அசைவுகளாகத் தேய்க்க வேண்டும். சார்ல்ஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் இதனைப் பாஸ் முறை என்பர். சட்டி தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடங்கள் போதும். துலக்கியபின் நுரையைத் துப்புங்கள். உடனே வாயைக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். பல்லிடுக்குகளில் பிரஷ் நுழையாது. அதற்குப் பல் நூல் வேண்டும். எலுமிச்சைச் சாறோ சோடா பானமோ குடித்த உடனே துலக்காமல் அரைமணி நேரம் பொறுங்கள். ஈற்றில் இரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அது படலம் சேர்ந்து ஈறு வீங்கியதன் அறிகுறி. அங்கேதான் மென்மையாக, நன்றாகத் துலக்க வேண்டும்.

நம் வீட்டில் இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, பல் உறுதிக்கு என்று சொல்லியே வெற்றிலை பாக்கு போடுவார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, மற்ற இனத்தவரைவிட அதிகம் காணப்படுகிறது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சென்ற விடுமுறையில் கைவிளக்கை அடித்துப் பாட்டியின் வாயைப் பார்த்தேன். “என்னடா, மாடா வாங்கப் போற, பல்லப் புடிச்சுப் பாக்குற?” என்று சிரித்தார். திட்டு ஏதும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவரை அரசாங்கப் பல் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். என் பல்லையும் அன்றே காட்டினேன். சொத்தை தொடங்கியிருந்த இன்னொரு பல்லைச் சொற்பக் கட்டணத்தில் அடைத்துவிட்டார்கள்.

நண்பர்களே, பினாங்கில் 1949இல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலம்முதல், பல் மிஸ்ஸிகள் நம்மைப் போன்ற பிள்ளைகளைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள். ஐந்தாம் படிவத்தோடு அந்தச் சேவை நமக்கு முடிந்துவிட்டது. இனி நாம்தான் தேடிப் போக வேண்டும். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பாட்டியையும் உடன் அழைத்துப் போங்கள்.