நோன்புக்கு முன் கடை திறக்க வேண்டுமா? 'ப்ளோட்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

எமது வர்த்தகர்கள் பலருக்கு வருடத்தின் பெரிய வியாபாரம் நோன்பு மாதத்தில்தான். புதுக் கடை திறப்பதாக இருந்தாலும் பழைய கடையைத் திருத்துவதாக இருந்தாலும் "நோன்புக்கு முதல் முடித்துவிட வேண்டும்" என்பதே பேச்சு. ஆனால் தலைப்பிறை கண்ட பிறகும் மேசனும் வயரிங் பாஸும் கடைக்குள் நிற்பதை எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்! எல்லா நேரமும் இதற்குப் பணமோ ஆளோ இல்லாதது காரணமல்ல. எந்த வேலையை அவசரப்படுத்த வேண்டும், எந்த வேலை சற்றுப் பிந்தினாலும் பரவாயில்லை என்பது தெரியாததும் ஒரு முக்கிய காரணமாகும்.

இதனைக் கணக்கிட்டுச் சொல்வதற்கென்றே மென்பொருட்கள் உள்ளன. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட், பிரிமவேரா ஆகிய இரண்டும் பெயர் பெற்றவை. புரொஜெக்ட் லிப்ரே என்பது இலவசமாகவே கிடைக்கிறது. இன்று சிறிய ஒப்பந்தக்காரர்கள்கூட வேலை அட்டவணையொன்றைக் கணினியில் அச்சிட்டு எம்மிடம் நீட்டுகிறார்கள். நாமும் கடைசித் திகதியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறோம். அந்தத் தாளில் உள்ள மற்றத் திகதிகள் எதைச் சொல்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால் பல இலட்சம் ரூபா நட்டத்தைத் தவிர்க்கலாம்.

இந்தக் கணக்குமுறை புதியதல்ல. 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டுபொன்ட் இரசாயனக் கம்பனியைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும், ரெமிங்டன் ரான்ட் கம்பனியின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய முறையே இன்றைய மென்பொருட்களின் அடிப்படை.

ஒரு புடவைக் கடையின் கணக்கு

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் எந்த ஊருக்கும் பொருந்தும். ஒரு ஹாஜியார் தனது புடவைக் கடையைத் திருத்துகிறார். பழையவற்றை அகற்ற 4 நாட்கள், வயரிங் 6 நாட்கள், சீலிங் 5 நாட்கள், டைல்ஸ் பதிக்க 7 நாட்கள், ராக்கைகளைப் பொருத்த 4 நாட்கள், சரக்கு அடுக்க 4 நாட்கள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டியவை. மொத்தம் 30 வேலை நாட்கள்.

இதே வேளையில் ஓடாவி தனது பட்டறையில் ராக்கை செய்கிறார். பலகை வாங்க 3 நாட்கள், செய்து முடிக்க 9 நாட்கள். பெயர்ப் பலகை செய்து மாட்ட 8 நாட்கள். இவை இரண்டும் முதல் நாளிலேயே ஆரம்பிக்கலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் மென்பொருள் நான்கு திகதிகளைத் தரும். ஆக முந்தி எப்போது தொடங்கலாம், ஆக முந்தி எப்போது முடியும், ஆகப் பிந்தி எப்போது தொடங்கலாம், ஆகப் பிந்தி எப்போது முடிய வேண்டும் என்பனவே அவை. முந்திய திகதிக்கும் பிந்திய திகதிக்கும் இடையிலுள்ள அவகாசத்தைத்தான் பிரிமவேரா 'ப்ளோட்' என்கிறது. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் இதற்கு 'ஸ்லெக்' என்று பெயர் வைத்துள்ளது. விடயம் ஒன்றுதான்.

ராக்கை 12ஆம் நாளில் தயாராகிவிடும். ஆனால் டைல்ஸ் முடிவது 22ஆம் நாளில். ஆகவே ராக்கைக்கு 10 நாட்கள் ப்ளோட் உண்டு. பெயர்ப் பலகை 8ஆம் நாளில் முடிந்தாலும் 30ஆம் நாள்வரை பிந்தலாம், அதற்கு 22 நாட்கள் ப்ளோட். வயரிங்கிற்கோ பூச்சியம். ப்ளோட் பூச்சியமாக உள்ள வேலைகளின் தொடரையே 'கிரிட்டிக்கல் பாத்' என்பார்கள். கடை திறக்கும் நாளைத் தீர்மானிப்பது இந்தத் தொடர்தான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஓடாவியின் பட்டறை ஹாஜியாரின் வீட்டுக்குப் பக்கம். தினமும் சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில் அவரை நெருக்குவார். மேலதிகக் கூலியும் கொடுத்தார். ராக்கைகள் 9ஆம் நாளிலேயே தயாராகி, வைக்க இடமின்றிப் பட்டறையில் தூசு படிந்தன. வயரிங் பாஸோ வேறொரு வேலைக்குப் போய் 4 நாட்கள் வரவில்லை. "பரவாயில்லை, பிறகு பிடித்துவிடலாம்" என்று ஹாஜியாரும் விட்டுவிட்டார். 30ஆம் நாளில் முடிய வேண்டிய வேலை 34ஆம் நாளில் முடிந்தது. ஓடாவிக்குக் கொடுத்த மேலதிகக் கூலி கடைத் திறப்பை ஒரு நாள்கூட முந்தச் செய்யவில்லை. சரக்குக்காகக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகள் மட்டும் எழுதிய திகதியிலேயே வங்கிக்குப் போயின.

பொது அவகாசமும் தனி அவகாசமும்

ப்ளோட்டில் இரண்டு வகை உண்டு. முழுத் திட்டத்தின் முடிவைப் பிந்தச் செய்யாமல் ஒரு வேலை எத்தனை நாள் பிந்தலாம் என்பது 'டோட்டல் ப்ளோட்'. அடுத்த வேலையைக்கூடப் பிந்தச் செய்யாமல் எத்தனை நாள் பிந்தலாம் என்பது 'ப்ரீ ப்ளோட்'.

மேலே சொன்ன உதாரணத்தில் பலகை வாங்குவதற்கும் ராக்கை செய்வதற்கும் நேரே 10, 10 என்று டோட்டல் ப்ளோட் காட்டும். இரண்டையும் கூட்டி 20 நாட்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஒரே 10 நாட்கள்தான். பலகை வாங்குபவர் அதை முழுதாகச் செலவழித்துவிட்டால் ஓடாவிக்கு ஒரு நாளும் மிஞ்சாது. அதனால்தான் பலகை வாங்கும் வேலைக்கு ப்ரீ ப்ளோட் பூச்சியம் என்றும் ராக்கை செய்யும் வேலைக்கு 10 என்றும் மென்பொருள் காட்டுகிறது. இரு பங்காளிகள் ஒரே கல்லாவில் கை வைப்பதைப் போன்றது இது.

நாட்காட்டியைத் திருத்துங்கள்

பலர் ஏமாறும் இடம் 'டியூரேஷன்' எனப்படும் கால அளவு. மைக்ரோசொப்ட் புரொஜெக்டில் நாம் எதுவும் மாற்றாவிட்டால் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாட்களையே அது வேலை நாட்களாக எடுக்கும். எமது ஊர்கள் சிலவற்றில் வெள்ளி மட்டும் விடுமுறை, மற்ற ஆறு நாளும் வேலை. 30 வேலை நாட்கள் என்பது ஆறு நாள் கணக்கில் 5 வாரங்கள், ஐந்து நாள் கணக்கில் 6 வாரங்கள். போயா தினங்களும் பெருநாட்களும் அதற்குத் தானாகத் தெரியாது, நாமே குறிக்க வேண்டும்.

மாறாக, சில வேலைகளுக்கு விடுமுறையே இல்லை. கொங்கிரீட் இறுகுவதும் கொள்கலன் கடலில் வருவதும் ஞாயிறென்றும் போயாவென்றும் நிற்பதில்லை. கப்பல் பயணம் 20 நாட்கள் என்று சாதாரண வேலை நாட்களில் பதிந்தால், அது நான்கு வாரங்களாக இழுபட்டுவிடும். இப்படியானவற்றுக்கு ஏழு நாள் நாட்காட்டியைக் கொடுக்க வேண்டும்.

திகதியைத் தட்டாதீர்கள்

இன்னொரு பிழை, ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் திகதியை நாமே தட்டிவிடுவது. மென்பொருள் தானாகக் கணக்கிடும் முறையில் இருக்கும்போது, அப்படித் தட்டிய திகதியை "இதற்கு முன் தொடங்கக் கூடாது" என்ற நிபந்தனையாக மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் எடுத்துக்கொள்ளும். முந்திய வேலை சீக்கிரம் முடிந்தாலும் அடுத்த வேலை முந்தி வராது. கால அளவையும், எந்த வேலைக்குப் பின் எது என்பதையும் மட்டும் கொடுங்கள். திகதியை அது கணக்கிடட்டும்.

கடை திறக்க வேண்டிய கடைசி நாளை 'டெட்லைன்' ஆகக் கொடுக்கலாம். 30 நாள் வேலைக்கு 28 நாளை டெட்லைனாகக் கொடுத்தால் ப்ளோட் மைனஸ் 2 என்று காட்டும். வேலை தொடங்கு முன்பே இரண்டு நாட்கள் பிந்திவிட்டோம் என்பதே இதன் பொருள். அப்போது வயரிங்கிற்கு இன்னொருவரைச் சேர்ப்பதா, டைல்ஸுக்கு இன்னொரு மேசனைப் பிடிப்பதா என்று யோசிக்க வேண்டும். ஓடாவிக்குக் கூலி கூட்டிப் பயனில்லை.

ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. ஆகவே ரமழான் வருடா வருடம் சுமார் 11 நாட்கள் முந்தி வரும். சென்ற வருட அட்டவணையில் வருடத்தை மட்டும் மாற்றி எடுக்க முடியாது. பிறை முந்தித் தென்படக்கூடும் என்பதால் ஷஃபானை 29 நாட்களாக வைத்தே திட்டமிடுவது பாதுகாப்பானது.

கையெழுத்திடு முன்

அடுத்த முறை ஒப்பந்தக்காரர் அட்டவணையைத் தந்தால் நான்கு விடயங்களைக் கேளுங்கள். எந்த நாட்காட்டியில் இது போடப்பட்டது? ப்ளோட் பூச்சியமான வேலைகள் எவை? முதலில் போட்ட திட்டத்தை 'பேஸ்லைன்' ஆகச் சேமித்து வைத்திருக்கிறாரா? உண்மையில் தொடங்கிய திகதியையும் முடிந்த திகதியையும் ஒவ்வொரு வாரமும் பதிவாரா? பேஸ்லைன் இல்லாவிட்டால் யாரால் எத்தனை நாள் பிந்தியது என்பதைப் பிறகு காட்டுவது சிரமம், வாக்குவாதமே மிஞ்சும். வேலை நடக்கும்போது "எத்தனை வீதம் முடிந்தது?" என்று கேட்காமல் "இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" என்று கேளுங்கள். எண்பது வீதம் முடிந்தது என்ற பதில் வாரக்கணக்கில் மாறாமலே இருக்கும்.

கணினி இல்லாதவர்கள் ஒரு கொப்பியில்கூட இந்தக் கணக்கைப் போடலாம். கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது எமது மார்க்கம் வலியுறுத்தும் ஒன்று. சரக்குக் கொடுத்தவருக்குச் சொன்ன திகதியில் பணம் சேர வேண்டுமாயின், கடை சொன்ன திகதியில் திறக்க வேண்டும். அதற்கு எந்த வேலையின் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும் என்பதை ப்ளோட் காட்டித் தரும். மீதியை அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி வேலையைத் தொடங்குவோம்.