பிறர் மனமும் தன் மனமும்

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர் பலர், பாடங்களைவிட, உடனிருப்போர் தம்மை ஏற்பார்களா என்பதற்கே மிகுதியாக அஞ்சுகின்றனர். அவ்வச்சமே சிலரைக் குடியின்பால் ஈர்க்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடையே டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் ஆகிய உளவியலாளர் இருவர் நிகழ்த்திய ஆய்வு 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. வளாகத்தில் நிலவிய குடிப்பழக்கம் தமக்கு எத்துணை உறுத்தலாக உள்ளது, பிற மாணவர்க்கு எத்துணை உறுத்தலாக இருக்கும் என அவர்களிடம் வினவப்பட்டது. தமக்குள்ள உறுத்தல் பிறர்க்கு அவ்வளவாக இல்லை என்றே பொதுவாக அவர்கள் எண்ணினர். விருந்தில் பிறர் சிரிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அவர்தம் உள்ளக்கலக்கம் தெரிவதில்லை அல்லவா! தம்மைப் போன்றே தயங்குவோர் நடுவில் இருந்துகொண்டு, தாம் மட்டுமே தனித்திருப்பதாக அவர்கள் கருதினர்.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. நாளடைவில் ஆண் மாணவரின் சொந்தக் கருத்தே, அவர்கள் தவறாக ஊகித்த பொதுக்கருத்தை நோக்கி நகர்ந்தது. மாணவியரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.

1998இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பிறர் மனத்தைப் பிழையாக ஊகிக்கும் இவ்வியல்பைப் பற்றிப் புதுமுக மாணவர் ஒரு சாரார் குழுவாகக் கலந்துரையாடினர். குடிப்பது குறித்துத் தனிமனிதர் முடிவெடுக்கும் முறையைப் பற்றி மட்டும் உரையாடியோரைவிட, இவர்கள் குறைவாகவே குடித்ததாகச் சில மாதங்களுக்குப்பின் தெரிவித்தனர்.