ஒரு டயாலிசிஸுக்கு எத்தனை குடம் நீர்?

மருத்துவமனையில் மருந்துக்கு நிகராக இன்றியமையாதது தண்ணீர். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ தண்ணீரே சிகிச்சையின் ஓர் அங்கம். டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பின்போது, வழக்கமாக நிமிடத்திற்கு 500 மில்லி லிட்டர் கரைசல் இயந்திரத்தின் வழியே பாய்கிறது. நான்கு மணி நேரத்தில் அது 120 லிட்டர். அதாவது எட்டு முதல் பத்துக் குடம். வாரம் மூன்று முறை எனில் 360 லிட்டர். இதற்கான நீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும்போது உப்பு மிகுந்த நீர் தனியே வெளியேறுவதால், உண்மையான தேவை இதனினும் மிகுதி.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? 2019 கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீர் ரயிலில் கொண்டுவரப்பட்டது. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் அருகருகே அமைந்த நம் மறைமலை நகரிலும் நிலத்தடி நீர் அனைவருக்கும் பொதுவானது. அதை நிரப்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் நோக்கமும் இதுவே. மழைக்கு முன் மொட்டை மாடியையும் சேகரிப்புத் தொட்டியின் மணல், சரளை அடுக்குகளையும் தூய்மை செய்துவிட்டால், அந்த ஆண்டின் மழை வீணாகாது.

வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்புச் சேரும். ஒழுகும் குழாயை வார்டில் கண்டால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

சிக்கனம் கூடாத இடங்களும் உண்டு. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பிட்டு 20 விநாடிகள் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்கும்போது குழாயை மூடினால் போதும். தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காகக் குடிக்கும் அளவைக் குறைக்கக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்வோரும் இதய நோயாளிகளும் மருத்துவர் கூறிய அளவையே பின்பற்ற வேண்டும். சேமித்த நீரில் டெங்கு கொசு முட்டையிடும். ஆகவே பாத்திரங்களை இறுக மூடி, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

நம் வீட்டில் இன்று வீணாகாத பத்துக் குடம் நீர், நிலத்தடியில் எஞ்சி நிற்கும். கோடையில் அது யாரோ ஒருவரின் நான்கு மணி நேரச் சிகிச்சைக்கு உதவக்கூடும். அவர் நம் வீட்டவராகவும் இருக்கலாம்.