கடைசியில் நிற்கும் பாட்டு

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 ராத்திரி அந்தப் படிகளில் திருப்புகழ் பாடிக்கொண்டே ஜனங்கள் மேலே ஏறுவார்கள். புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரையைத் தேடிப்போய்க் கும்பிடுகிறவர்கள் தணிகைத் துரையை வந்து கும்பிடட்டுமே என்று வள்ளிமலை சுவாமிகள் 100 வருஷத்துக்கு முன்னால் தொடங்கி வைத்த வழக்கம் அது.

போன டிசம்பரில் அந்த ராத்திரி, அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் தங்கை மகனும் அவனுடைய சிநேகிதர்கள் ஆறு பேரும். மேலே அருணகிரிநாதரின் சந்தம் கேட்கிறது. கீழே இவர்கள் வேறொரு சந்தத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருஷத்தின் சிறந்த ஹிப்ஹாப் பாட்டுகளை வரிசைப்படுத்துவது அவர்கள் கூட்டத்தின் வருஷாந்தரச் சடங்கு. நடப்பு வருஷத்துக் கணக்கு பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. 2021-ஆம் வருஷத்துப் பட்டியல்தான் வாய்க்கால் வரப்பு வழக்கு மாதிரி இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது.

“நீங்களே சொல்லுங்க மாமா. ‘என்ஜாய் எஞ்சாமி’யை யூடியூப்ல 50 கோடி தடவைக்கு மேல பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் பேச்சு எதுக்கு?”

பேச்சு இருக்கிறது. டீ வரட்டும். அதற்குள் ஹிப்ஹாப் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். எதைப் பட்டியல் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் அது மளிகைச் சீட்டில் மருந்து எழுதின கதையாகிவிடும்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு போட்டார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். அவர் கவனித்த விஷயம் நமக்குப் புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும்போது பாருங்கள். பாட்டு நின்று பம்பை மட்டும் தனியாக முழங்கும் இடத்தில்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். அமெரிக்க இசைத்தட்டுகளில் அப்படித் தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் சில நொடிதான் வரும். ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடையில் வைத்து, இதில் அந்த இடம் முடிந்ததும் அதில் தொடங்கி, அதில் முடிந்ததும் இதில் தொடங்கி, சில நொடிகளை நிமிஷக் கணக்கில் நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் சந்தம் தப்பாமல் அடுக்கிப் பேசுவதுதான் ராப். பழைய பாட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டுக்குள் பொருத்துவது சாம்பிள். அம்மாவின் பழைய பட்டுப் புடவை பார்டரை வெட்டி மகளின் பாவாடைக்கு வைத்துத் தைப்பதில்லையா, அதே வேலைதான்.

தமிழுக்கு இது பெரும்பாலும் கடல் வழியாக வந்தது. மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழு 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில், 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாட்டான ‘மடை திறந்து’வை எடுத்துத் தைத்த பாவாடைதான் இங்கே பலருக்கு முதல் அறிமுகம். பிறகு சென்னையில் ஹிப்ஹாப் தமிழா. அதற்கும் பிறகு 2018-இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, அதில் பாடிய அறிவு.

அறிவு நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், அரக்கோணம். இங்கிருந்து ரயிலேறினால் டீயின் சூடு வாயில் ஆறுவதற்குள் போய்விடலாம். 2021 மார்ச் 7 அன்று சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் அவரும் பாடி வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பியவர். பாட்டில் அவர் பெயரே வருகிறது. வள்ளியை முருகன் மணந்ததாகச் சொல்லும் ஊரில் உட்கார்ந்து, தேயிலைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குத் தொண்டையில் ஏதோ செய்யும். அதனால் என் தீர்ப்பை யாரும் நம்ப வேண்டாம்.

பையன்களில் ஒருவன் கேட்டான்: “அது ஹிப்ஹாப்பா, ஒப்பாரியா?” இரண்டும்தான். ராப் இருக்கிறது, ஒப்பாரியும் இருக்கிறது. ஹிப்ஹாப் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பழையதை எடுத்துத் தைத்துக்கொள்ளும் என்பதால் நான் சேர்த்துக்கொள்வேன். ‘தெளிவான ராப் மட்டும்தான்’ என்று ஒருவர் சொன்னால் அவருடைய பட்டியல் வேறு. ஆக, வேலி எங்கே என்பது முதல் முடிவு. யாரும் ஓட்டுப் போடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும் முடிவு.

இரண்டாவது வேலி வருஷம். இது சுலபம் என்று தோன்றும். நம் ஊரிலேயே வருஷப் பிறப்பு மூன்று. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர் இது. ஆகவே பல வீடுகளில் உகாதியும் உண்டு, சித்திரை ஒன்றும் உண்டு, ஜனவரி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை ஆண்டு முடிவில் போடும் பட்டியலின் ‘ஆண்டு’கூட ஜனவரியில் தொடங்குவதில்லை. முந்தைய வருஷத்தின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடும். டிசம்பரில் அச்சுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு முன்பே கணக்கை மூடத்தானே வேண்டும்.

சண்டையின் வேரே இங்கேதான் இருந்தது. அவர்கள் 2021 பட்டியலில் மோதிய பாட்டுகள் மூன்று. ஒன்று எஞ்சாமி. இரண்டாவது, அந்த ஜூலையில் வந்த குத்துச்சண்டைப் படமான ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் அதில் ராப் பாடியிருக்கிறார். மூன்றாவது ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’; அனிருத்துடன் அதே அறிவு. படம் வந்தது 2021 பொங்கலுக்கு. பாட்டு வெளியானதோ 2020 மார்ச்சில். கொரோனா நடுவில் புகுந்து பாட்டையும் படத்தையும் பத்து மாதம் பிரித்துவிட்டது. இது எந்த வருஷத்துப் பாட்டு?

“எந்த வருஷமா இருந்தா என்ன மாமா? அது எப்படியும் மூணாவதுதான் வரப்போகுது” என்றான் மருமகன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

இப்போது 50 கோடி. யூடியூப் எண்ணுவது ஆட்களை அல்ல, தடவைகளை. மலைப்படியில் விழும் காலடியை எண்ணினால் பக்தர்கள் எத்தனை என்று தெரியாது. ஒரே ஆள் கால் வலிக்க 365 அடி வைத்திருப்பான். அதுமாதிரி சோறு ஊட்டுவதற்காகக் குழந்தைக்கு ஒரு தாய் நாளுக்கு நான்கு தடவை போட்ட பாட்டும் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால் ஒரு கேட்பு. அதற்கு முன்னால் நிறுத்தினால் கணக்கில் இல்லை. பில்போர்டில் காசு கட்டிக் கேட்பவரின் ஒரு கேட்புக்கு, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவரின் கேட்பைவிட மதிப்பு அதிகம். அந்த 50 கோடியிலும் 2021-இல் பார்த்தது எவ்வளவு, அப்புறம் வருஷக்கணக்கில் சேர்ந்தது எவ்வளவு? மார்ச்சில் வந்த பாட்டுக்கு அந்த வருஷத்தில் ஒன்பது மாதம் மிச்சமிருந்தது, ஜூலையில் வந்ததற்கு ஐந்து. எத்தனை பேர் காதில் விழுந்தது என்பதற்கு அந்த எண் நல்ல சாட்சி. சிறந்ததா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்கவும் இல்லை.

“சரி, அப்ப ஓட்டு போடலாம். யாருக்கு அதிகமோ அதுதான் சிறந்தது” என்றார்கள். நம் எல்லாருக்கும் இருக்கிற நினைப்பு இதுதான். பட்டியல் ஒரு தராசு, ஜனங்களின் விருப்பம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, எண்ணினால் வெளியே வந்துவிடும் என்கிற நினைப்பு. எண்ணித்தான் பார்ப்போமே.

போண்டா மடித்துக் கொடுத்த தாளை ஏழாகக் கிழித்தோம். ஒரு மூலையில் எண்ணெய். மூன்று பாட்டையும் அவரவர் பிடித்த வரிசையில் எழுத வேண்டும். எழுதி வந்தது இப்படி: நான்கு பேர் எஞ்சாமி, நீயே ஒளி, வாத்தி ரெய்டு. மற்ற மூன்று பேர் நீயே ஒளி, வாத்தி ரெய்டு, எஞ்சாமி. இந்த மூவரும் எஞ்சாமியை வேண்டுமென்றே கடைசியில் வைத்தார்கள் என்று மருமகனுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

முதலிடத்தை மட்டும் எண்ணினால் எஞ்சாமிக்கு நான்கு, நீயே ஒளிக்கு மூன்று. மருமகன் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினான்.

ஆனால் உலகத்தில் பெரிய பட்டியல்கள் பல இப்படி எண்ணப்படுவதில்லை. 2019-இல் பிபிசி 100-க்கும் மேற்பட்ட விமர்சகர்களிடமும் இசைக்காரர்களிடமும் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஹிப்ஹாப் பாட்டைக் கேட்டது. ஒவ்வொருவரும் ஐந்து பாட்டு சொல்ல வேண்டும். முதலாவதற்கு 10 புள்ளி, அடுத்ததற்கு 8, பிறகு 6, 4, 2. கூட்டிப் பார்த்ததில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 1994-ஆம் வருஷப் பாட்டு ‘ஜூஸி’ முதலில் நின்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரே உயரம் கொடுக்கும் இந்த முறையை 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கடற்படைக்காரரும் கணக்கு வல்லுநருமான போர்டா முன்வைத்தார். முதலிடத்தை மட்டும் எண்ணினால் இரண்டாவதாக எல்லாருக்கும் பிடித்தது காணாமல் போய்விடுகிறது என்பது அவருடைய நியாயமான கவலை.

நாமும் போர்டா கணக்குப் போடுவோம். முதலிடத்துக்கு 3, அடுத்து 2, கடைசிக்கு 1. எஞ்சாமிக்கு நான்கு மூன்று பன்னிரண்டும் மூவரின் ஒவ்வொன்றும் சேர்ந்து 15. நீயே ஒளிக்கு நான்கு இரண்டு எட்டு, மூன்று மூன்று ஒன்பது, ஆக 17. வாத்தி ரெய்டுக்கு 10. நீயே ஒளி முதலிடம்! ஏழில் நான்கு பேர் சிறந்தது என்று எழுதிய பாட்டு இரண்டாவது. தாள் அதே தாள், எண்ணெய்க் கறைகூட அழியவில்லை.

இப்போது வருஷத் தகராறுக்குத் திரும்புவோம். “வாத்தி ரெய்டு 2020 பாட்டு, அதை எடுத்துடுங்க” என்று ஒருவன் சொன்னான். கடைசியில் நிற்கிற பாட்டுத்தானே, எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எடுத்தோம். மிச்சம் இரண்டு பாட்டு. முதலாவதற்கு 2, அடுத்ததற்கு 1. எஞ்சாமிக்கு எட்டும் மூன்றும் 11. நீயே ஒளிக்கு நான்கும் ஆறும் 10. எஞ்சாமி முதலிடம்.

பெஞ்சில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மேலே படியில் யாரோ ஜால்ரா தட்டுவது மட்டும் கேட்டது.

எப்படி நடந்தது? மூன்று பேருடைய தாளில் நீயே ஒளிக்கும் எஞ்சாமிக்கும் நடுவில் வாத்தி ரெய்டு உட்கார்ந்திருந்தது. அதனால் எஞ்சாமி இரண்டு படி கீழே நின்றது. நடுவில் இருந்ததை எடுத்ததும் அதே பாட்டு ஒரே படி கீழே. எஞ்சாமியைப் பற்றி யாரும் மனம் மாறவில்லை, நீயே ஒளியைப் பற்றியும் மாறவில்லை. இரண்டு கணக்கிலும் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஒரு பாட்டு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது யார் ஜெயிக்கிறார் என்பதை மாற்றிவிட்டது. “அது எப்படியும் மூணாவதுதான்” என்று மருமகன் சொன்னது சரி. அதனால் என்ன என்று கேட்டதுதான் பிசகு.

வேறு வழி இல்லையா என்றால் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையோடு. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை பல வருஷம் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில், ஆளுக்கு 100 புள்ளி கொடுத்து, 10 ஆல்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கு 30-க்கு மேல் போகக்கூடாது, 5-க்குக் கீழே இறங்கக்கூடாது. பத்துக் கல்யாணத்துக்கு 100 ரூபாயை மொய் பிரிப்பது போல. மனசுக்கு நெருக்கமான வீட்டுக்குக் கனமாக வைக்கலாம் என்பது இதில் சௌகரியம். ஒரு விமர்சகரின் வெறி மூன்று பேரின் சாதாரண விருப்பத்தைச் சாப்பிட்டுவிடும் என்பது அசௌகரியம். போர்டா முறையில் வேறு விஷமம் உண்டு. நம் நால்வரும், நீயே ஒளி பிடித்திருந்தும், அதைக் கடைசியில் எழுதியிருந்தால் எஞ்சாமிக்கு அதே 15, வாத்தி ரெய்டுக்கு 14, நீயே ஒளிக்கு 13. மருமகன் இதைக் கேட்டதும் தாளைத் திரும்ப வாங்கப் பார்த்தான். கொடுக்கவில்லை.

ஆகவே இனிமேல் ‘வருஷத்தின் சிறந்த பத்து’ என்று ஒன்று கண்ணில் பட்டால் நாம் முதல் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்போம். எத்தனை பேரைக் கேட்டார்கள், எத்தனை பாட்டு சொல்லச் சொன்னார்கள், எந்த மாதத்தில் கணக்கை மூடினார்கள், எதை வெளியே நிறுத்தினார்கள். படித்த பிறகு பத்துப் பாட்டையும் கேட்போம். எனக்குத் தெரிந்து இந்தப் பட்டியல்களின் ஒரே பெரிய உபயோகம், ஏழாவது இடத்தில் இருக்கும், நாம் கேள்விப்படாத ஒரு பாட்டு.

காசு கொடுக்க எழுந்தபோது பன்னிரண்டு ஆகச் சில நிமிஷம்தான் பாக்கி. படி ஏற வேண்டும். டீ மாஸ்டர் புத்தூர் பக்கத்துக்காரர், தெலுங்கு கலந்துதான் பேசுவார். இத்தனை நேரமும் எங்கள் கணக்கைக் கேட்டுக்கொண்டே ஆற்றியிருக்கிறார்.

“நேனும் ஒரு ஓட்டு போடலாமா சார்?”

“போடுங்களேன்.”

“அந்த பாக்ஸிங் படத்துல வருமே, அது. எஞ்சாமி ரெண்டாவது.”

மருமகன் தாளைப் பிடுங்கி வாத்தி ரெய்டு இல்லாத கணக்கில் சேர்த்துக் கூட்டினான். நீயே ஒளி 12. எஞ்சாமி 12.