மேஸ்திரிக்கு முன்னால் வர வேண்டிய கல்லூரி

பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஜவ்வாது மலைக்கு ஆள் பிடிக்க வருகிறவர்கள் யாரும் விண்ணப்பப் படிவம் நீட்டுவதில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு எதுவும் அவர்களுக்குத் தேவையில்லை. குடகில் காபித் தோட்டம், கேரளத்தில் மிளகு, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று இடத்தைச் சொல்லி, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, வண்டி எந்தக் கிழமை வரும் என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறார் மேஸ்திரி. கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பு இணையத்தில் வருகிறது. அந்த இணையம் மலையின் பல குக்கிராமங்களில் மேட்டுப் பக்கம் ஏறிப் போய் நின்றால்தான் கிடைக்கும்.

அந்த வண்டிகளில் சில எங்கே போய்ச் சேர்ந்தன என்பது 2015 ஏப்ரல் 7 அன்று நாடு முழுக்கத் தெரிந்தது. திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்துப்போனார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த ஒரு பையனுக்கு அடுத்து என்ன என்ற கேள்விக்கு யார் முதலில் பதில் சொல்கிறார்கள் என்பது இந்த மலையில் சில நேரம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். ஜமுனாமரத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். சாமையும் புளியும் தேனும் விளைகிற மண். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்க 40 கிலோமீட்டர் போல வரும். பள்ளிக்கூடங்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒன்று பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி, இன்னொன்று வனத்துறைப் பள்ளி, மற்றொன்று பள்ளிக்கல்வித் துறையுடையது, அத்திப்பட்டிலும் புதூர்நாட்டிலும் இருப்பவை ஒன்றிய அரசின் ஏகலைவா பள்ளிகள். பிள்ளைகள் ஒரே மலையின் பிள்ளைகள்; மேலதிகாரிகள் மட்டும் வேறு வேறு. ஒரு துறைக்கு வரும் சுற்றறிக்கை பக்கத்துத் துறையின் பள்ளிக்கு வந்து சேரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

திட்டங்களையும் குறை சொல்ல முடியாது. 2022 மார்ச் 1இல் தமிழ்நாடு அரசின் வழிகாட்டல் திட்டமான ‘நான் முதல்வன்’ வந்தது. அதே ஆண்டு ஜூனில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சிகள் தொடங்கின. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ 2022 செப்டம்பரில், பையன்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில். இவ்வளவும் இருந்தும் மேஸ்திரி முந்திக்கொள்கிறார் என்றால் கோளாறு பணத்தில் இல்லை, காலக்கணக்கில் இருக்கிறது. கீழே இருக்கிற பிள்ளைக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் வழிகாட்டி நிகழ்ச்சி போதும். மற்றதை அண்ணனும் அக்காவும் எதிர்வீட்டு இன்ஜினியரும் பார்த்துக்கொள்வார்கள். மலைப் பிள்ளைக்கு அதே நிகழ்ச்சி மூன்று வருஷம் தாமதம். ஏனென்றால் இங்கே கல்லூரிக்கான முடிவுகள் பல, அது முடிவு என்றே தெரியாமல், சின்ன வகுப்பிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளையின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை, 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். வனத்துறைப் பள்ளியும் பழங்குடியினர் நலப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. விடுதியும் சாப்பாடும் நன்றாக இருக்கிறது என்று அடிவாரத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடும் அப்பா, பிள்ளையின் நல்லதுக்காகத்தான் சேர்க்கிறார். ஒரு கதவு அன்றைக்கே சாத்திக்கொள்வதை அவரிடம் சொல்ல ஆள் இல்லை. கதவு சாத்தினாலும் அந்தப் பள்ளியே நல்லது என்று அவர் தீர்மானிக்கலாம். அது அவர் உரிமை. தெரிந்து தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு ஏழரை இருக்கிறது, அது இன்னும் குறைவாகவே தெரியும். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். ஒன்றிய அரசின் ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களில் அவர்களுக்கு 7.5 சதவீதம். கணக்கில் ஓரளவு தேறுகிற மலைப் பிள்ளைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தை மட்டும் காட்டுவது அரைகுறை வழிகாட்டல் என்பேன். இது ஏட்டுக் கணக்கில்லை. 2024இல் பச்சமலையின் பழங்குடி மாணவி ஒருவர் ஜேஇஇ எழுதித் திருச்சி என்ஐடியில் இடம் பிடித்தார். அடுத்த ஆண்டு கல்வராயன் மலையின் கருமந்துறையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பெண்ணுக்குச் சென்னை ஐஐடியில் இடம் கிடைத்தது.

எந்த ஒதுக்கீட்டுக்கும் அடிப்படை ஒரே ஒரு காகிதம். மற்ற சாதிகளுக்குத் தாசில்தார் அலுவலகத்திலேயே வேலை முடிந்துவிடும். எஸ்டி சர்ட்டிபிகேட் மட்டும் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தர வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறி ஆர்டிஓ மேசைக்குப் போகும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் வேலை சுலபம். வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்கிற பிள்ளை என்றால் விசாரணை, ஆதாரம், மறுபடி விசாரணை. ஜூன் மாதம் கலந்தாய்வு, மே மாதம் மனு என்றால் எப்படிக் கைக்கு வரும்? அந்த வகையில் ஜவ்வாது மலைக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. மலையாளிகள் பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தர்மபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டும்தான் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகள் இந்தச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது ஓடிபி. கல்லூரி விண்ணப்பத்திலும் உதவித்தொகையிலும் ஒரு செல்போன் நம்பர் கேட்பார்கள். பிள்ளை அப்பாவின் நம்பரைத் தரும். அப்பா குடகுக்குப் போயிருப்பார். எஸ்டேட்டில் டவர் இருந்தால் ஓடிபி அவருக்கு வரும். அவருக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்து அவர் கூப்பிடும்போது மலையில் இந்தப் பக்கம் டவர் இருக்காது. அதற்குள் பத்து நிமிஷம் முடிந்திருக்கும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் “நாளைக்கு வாம்மா” என்பார். நாளை வருவதற்கு ஒரு நாள் பஸ், ஒரு நாள் கூலி. சேர்க்கை வாய்ப்பைத் தவறவிட்டதற்குக் ‘குடும்பச் சூழல்’ என்று பதிவேட்டில் எழுதுவார்கள். பாதிக்கு மேல் சூழல் இந்த மாதிரிதான் இருக்கும்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படித்து அதற்கான கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்ளும் முறை உண்டு. அதற்கென்றே ‘ஏர்லி காலேஜ்’ என்ற பெயரில் பள்ளிகள் நடக்கின்றன. நியூயார்க்கில் பார்ட் கல்லூரி 2001இல் தொடங்கியது அவற்றில் பெயர் பெற்றது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குக் கல்லூரி மீதுள்ள பயத்தை முன்கூட்டியே போக்குவதுதான் அதன் சாரம். நம்மிடம் அதற்குக் கிட்டே வருவது சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு. ஜேஇஇ கிடையாது. நான்கு வாரப் பாடம், பிறகு ஒரு தகுதித் தேர்வு. 11ஆம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களே விண்ணப்பிக்கலாம். தேறினால் பிளஸ் டூ முடித்ததும் இடம் காத்திருக்கும். பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை. பள்ளி மாணவர்களுக்கென்று ‘ஸ்கூல் கனெக்ட்’ என்ற பெயரில் குறுகிய பாடங்களையும் அதே ஐஐடி நடத்துகிறது.

இதெல்லாம் இணையம் வழிப் படிப்பு. ஜமுனாமரத்தூருக்கு மேலே உள்ள ஊர்களில் இணையம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். உண்டு உறைவிடப் பள்ளியில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை கணினி அறையைத் திறந்து வைத்து, கூட ஓர் ஆசிரியர் உட்கார்ந்தால் நடக்கும். பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்து “நீயே பார்த்துப் படி” என்றால் நடக்காது. 2025-26 முதல் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அரசு அறிவித்தது. அந்த ஓர் ஆண்டின் மூச்சு விடும் நேரத்தை இப்படிப் பயன்படுத்தலாம். பயன்படுத்தாவிட்டால், பரீட்சை இல்லாத வருஷத்தில்தான் ‘ஒரு சீசன் போய்ட்டு வந்துடறேன்’ என்று வண்டி ஏறுகிற பையன்கள் அதிகமாவார்கள் என்பது என் பயம்.

ஐஐடி, என்ஐடி என்றே பேசிக்கொண்டிருந்தால் நூற்றில் இரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான் பேசியிருப்போம். மீதிப் பேருக்கு ஜமுனாமரத்தூர் அரசு ஐடிஐயை மதித்துப் பேச வேண்டும். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐடிஐ படித்தவர் பிளஸ் டூ மொழித்தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் ஐடிஐக்கும் உண்டு. இந்த ஏணியை யாரும் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. ஐடிஐ என்றால் படிப்பு வராதவன் போகிற இடம் என்று பள்ளி ஆசிரியர்களே சிலர் நினைக்கிறார்கள். நர்ஸிங், வனக் கல்லூரிப் படிப்பு, சாமையையும் தேனையும் பதப்படுத்தி விற்கக் கற்றுத்தரும் உணவுத் தொழில்நுட்பம் இவையும் மலைக்குத் திரும்பி வரக்கூடிய வேலைகள்.

படிப்பு எங்கே கொண்டுபோகும் என்று காட்ட வெகுதூரம் போக வேண்டாம்; இதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைப் பார்த்துச் சொன்ன இடங்களில் அதுவும் ஒன்று. 1986இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கேதான். மலைப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புகள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது அங்கே போய் வர வேண்டும் என்று ஏன் ஒரு விதி இல்லை என்பது எனக்குப் புரிந்ததில்லை.

2023 நவம்பரில் டிஎன்பிஎஸ்சி உரிமையியல் நீதிபதித் தேர்வு. குழந்தை பிறந்து இரண்டாம் நாள், ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி காரில் சென்னைக்குப் போய் அதை எழுதினார். 2024 பிப்ரவரியில் 23 வயதில் தேர்வானார். நாடே அந்தப் பச்சைக் குழந்தையைப் பற்றிப் பேசியது, பேச வேண்டியதுதான். வாழ்த்துச் செய்தியில் முதல்வர் சொன்ன இன்னொன்று அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை அவருக்குக் கைகொடுத்தது. அந்த 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஒரு நீதிபதியின் தேர்வில் ஒன்றாம் வகுப்பின் பயிற்றுமொழி வந்து நிற்கிறது. அவருடைய மனத்திடம் எல்லோருக்கும் வாய்க்காது; காகிதங்களை நேரத்துக்குத் தயார் செய்து தருவது யாராலும் முடியும்.

அரசு செய்ய வேண்டியதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் நான்கு துறைப் பள்ளிகளையும் சேர்த்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் டிசம்பரிலேயே கல்லூரிக் கனவு முகாம் நடத்துங்கள். அதே மேசையில் எஸ்டி சர்ட்டிபிகேட் மனுவையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மலையிலிருந்து ஏற்கெனவே கல்லூரிக்குப் போய்விட்ட அண்ணன்மாரும் அக்காமாரும் லீவுக்கு ஊருக்கு வரும்போது பக்கத்துப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் போய்வாருங்கள். விண்ணப்பத்தில் எந்த நம்பரைக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தாலே பெரிய உதவி.