நாண் 'சைன்' ஆன கதை

கணிதம் பயில்வோர் நாள்தோறும் எழுதும் சொல் 'சைன்'. அதன் பொருள் யாது? மூலமான 'சைனஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆடை மடிப்பு, மார்பு, வளைகுடா என்றெல்லாம் பொருள். கோணத்துக்கும் ஆடை மடிப்புக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை!

வட்டத்தின் ஒரு பகுதி வில். அதன் முனைகளை இணைக்கும் கோடு நாண். வடமொழியில் நாணுக்கு 'ஜ்யா', 'ஜீவா' என்று பெயர். வானநூலுக்கு அரை நாணே மிகவும் பயன்பட்டது. ஆரியபட்டர் கி.பி. 499இல் இயற்றிய நூலில் 24 அரை நாண்களைக் காண வழி தந்தார். 'அர்த்தஜ்யா' நாளடைவில் 'ஜ்யா' எனச் சுருங்கிற்று. அரை நாணை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே, மையக் கோணத்தின் பாதிக்கு உரிய சைன்.

அரபியர் 'ஜீவா'வை 'ஜீபா' என ஒலிபெயர்த்தனர். அரபியில் குற்றுயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆகவே அதே எழுத்துகளை 'ஜைப்' என்றும் படிக்கலாம். ஜைப் என்றால் ஆடையின் கழுத்துத் திறப்பு, மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் இப்பொருளைக் கொண்டு 'சைனஸ்' என்றனர். அந்த ஜைப்பே பாரசீகம், உருது வழியாகத் தமிழில் 'ஜேப்பு' ஆயிற்று. கணக்கில் வரும் சைனும் சட்டை ஜேப்பும் உறவுடையன என்பது வியப்பன்றோ!

நாம் பயிலும் இம்மலையாள நாட்டில் வட்டத்தின் நாணை 'ஞாண்' என்பர். அது நம் பழஞ்சொல்லே. 'அரைஞாண்' என்பதில் இன்றும் வாழ்கிறது. இந்நாட்டில் 14ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமக்கிராம மாதவர், சைனுக்கு முடிவிலாத் தொடர் கண்டார். நியூட்டனுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முந்திய செயல் அது! அதற்குரிய நிறுவலை 1530ஆம் ஆண்டையொட்டி ஜேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்னும் நூலில் எழுதினார். எழுதிய மொழி வடமொழி அன்று. மக்கள் பேசிய மலையாளம்.

தமிழில் அறிவியலுக்குப் பொருத்தமான சொற்கள் இல்லை என்று நம் நண்பர் சிலர் தயங்குகின்றனர். பொருந்தாத ஒரு சொல்லே எட்டு நூற்றாண்டுகளாக உலகக் கணிதத்தில் வழங்கி வருகிறது! சொல்லுக்கு வலிமை பிறப்பால் வருவதன்று. தெளிவான வரையறையாலும் இடைவிடாத வழக்காலும் வருவது. சரியான சொல் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் எழுதும் நாள் வாராது. ஆதலின் நண்பர்களே, அவரவர் துறையைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரையேனும் இவ்விதழுக்குத் தமிழில் எழுதுவோமாக.